பழைய ஜரிகைப் பட்டு: நூலுக்குள் என்ன இருக்கிறது?

ஜரிகை கறுத்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் கை போவது புளிக்கு, அடுத்தது விபூதிக்கு. வெள்ளிக் குத்துவிளக்கைத் தேய்த்தால் பளபளக்கிறது. பாட்டியின் புடவைக் கரையைத் தேய்த்தால் மட்டும் ஏன் பாழாகிறது? குத்துவிளக்கு முழுக்க முழுக்க உலோகம். ஜரிகை அப்படி இல்லை. பட்டும் உலோகமும் ஒரே நூலில் குடும்பம் நடத்துகின்றன. ஒன்றுக்கு நல்லது மற்றொன்றுக்கு ஆகாது. பழைய ஜரிகைத் துணியில் நேரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்தால் வருபவை.

பழைய முறையில் ஜரிகை செய்தது இப்படி: ஒரு வெள்ளிக் கட்டியின் மேல் மெல்லிய தங்கத் தகட்டைச் சுற்றிச் சூட்டில் பிடிக்க வைப்பார்கள். அதைத் துளைகள் போட்ட தகட்டின் வழியாக, ஒவ்வொரு முறையும் முன்னதைவிடச் சிறிய துளையில், இழுத்துக்கொண்டே போவார்கள். வெள்ளி நீள நீள, மேலிருக்கும் தங்கமும் கூடவே நீண்டு மெலியும். கிடைத்த கம்பியைத் தட்டி நாடாவாக்கி, அந்த நாடாவைப் பட்டு நூல் மேல் சுருள் சுருளாகச் சுற்றினால் ஜரிகை. இப்போது சூரத்தில் பெரும்பாலும் சுற்றி முடித்த பிறகு மின்முலாம் பூசுகிறார்கள்.

எப்படிச் செய்தாலும் தங்கத்தின் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவுதான். தலைமுடியின் தடிப்பு சுமார் 70 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எடைக் கணக்கில், இன்றைய அசல் ஜரிகையிலும் தங்கம் நூற்றில் ஒரு பங்கைத் தொடாது. ஆக, விபூதி போட்டுத் தேய்க்கும்போது முதலில் போவது கறுப்பு அல்ல, தங்கம். அடியிலிருக்கும் வெள்ளி வெளியே வந்து, முன்பைவிட வேகமாகக் கறுக்கும்.

உள்ளே ஓடும் பட்டு நூலின் நிறத்தையும் கவனியுங்கள். தங்க ஜரிகைக்கு மஞ்சள், ஆரஞ்சு அல்லது சிவப்பு. வெள்ளி ஜரிகைக்கு வெள்ளை. சுருள்களுக்கு இடையே அந்த நிறம் எட்டிப் பார்ப்பதால்தான் தங்கத்துக்கு அந்தச் சூடான சாயல் வருகிறது.

எல்லாமே ஜரிகை அல்ல

பினாங்கில் இந்தப் பாடம் கற்க வெகுதூரம் போக வேண்டாம். ஜார்ஜ்டவுனில் ஒரே தெருவில் தமிழர் வீட்டில் காஞ்சிபுரம், சீனர் வீட்டில் சாமி மேசைக்கு முன்னால் தொங்கும் தோக் வீ, மலாய்க்காரர் வீட்டில் தெக்காட் என்னும் தங்கத் தையல் வேலைப்பாடுள்ள தலையணை என்று மூன்றும் கிடைக்கும். தூரத்திலிருந்து மூன்றும் தங்க நூல்தான். கையில் எடுத்தால் மூன்றும் வேறு.

பழைய சீன வேலைப்பாடுகளில் பெரும்பாலும் உலோகக் கம்பியே இருக்காது. காகிதத்தின் மேல் செம்மண் போன்ற அடிப்பூச்சு, அதன் மேல் தங்க இலை. அதை நாடாவாக நறுக்கிப் பருத்தி அல்லது பட்டு நூலில் சுற்றியிருப்பார்கள். தேய்ந்த இடத்தில் தங்கம் போய்ச் சிவப்போ பழுப்போ தெரிந்தால் அது காகிதம். தண்ணீர் பட்டால் பசை விட்டுவிடும், நாடா அவிழ்ந்துவிடும். தியோச்சூ என்னும் சீனப் பிரிவினரின் பாணித் தோக் வீயில் கடல்நாகம் புடைத்து நிற்பது உள்ளே திணித்திருக்கும் பஞ்சால். அந்தப் பஞ்சு ஈரத்தைக் குடித்தால் உலர நாள்கணக்காகும். அதற்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

ஜர்தோசி வேலையில் இன்னொரு ரகம் உண்டு. மிக மெல்லிய கம்பியை ஸ்பிரிங் போலச் சுருட்டி, சிறு துண்டுகளாக வெட்டி, மணி கோப்பதுபோல ஊசியால் கோத்துத் தைப்பார்கள். இதற்குள் பட்டு நூல் சுற்றப்பட்டிருக்காது. மோதிரத்திலோ வளையலிலோ மாட்டி ஒருமுறை இழுபட்டால் சுருள் நீண்டுவிடும், திரும்பவே திரும்பாது. சுற்றாமல் வெறும் தட்டை நாடாவையே துணியில் குத்தி எடுக்கும் வேலையும் உண்டு. சரவாக் மலாய்ப் பெண்கள் போடும் கெரிங்காம் முக்காடு அந்த வகை.

செம்புக் கம்பிக்கு வெள்ளி முலாம் போட்டது நடுத்தர ரகம். கடைசியாக பிளாஸ்டிக்: பாலியெஸ்டர் படலத்தில் உலோகப் பூச்சு. இது கறுக்காது, ஆனால் பூச்சு உரிந்து சாம்பல் படிந்ததுபோல மங்கிவிடும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று போதும், இவற்றைப் பிரித்துப் பார்க்க. ஏற்கெனவே அறுந்து தொங்கும் நுனியைத் தேடுங்கள். புதிதாக எதையும் அறுக்க வேண்டாம். உலோக நாடா வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். பிளாஸ்டிக் நிமிர்ந்துகொள்ளும், அதன் ஓரம் அச்சு வார்த்ததுபோல ஒரே சீராக இருக்கும். காகித நாடாவின் நுனி பிசிறாக இருக்கும். கொளுத்திப் பார்க்கும் பழக்கம் புது நூலுக்குச் சரி. நூறு வருடத் துணியில் அதைச் செய்கிறவர்களிடம் துணியைக் கொடுக்காதீர்கள்.

திருப்பிப் பாருங்கள்

நெசவா தையலா என்பதை முன்பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

காஞ்சிபுரத்திலும் பனாரஸிலும் மலாய் ஜரிகைத் துணியான சொங்கெட்டிலும் தங்க நூல் நெசவோடு ஓடுகிறது. பாவுக்கு (நீளவாட்டு நூல்) குறுக்கே வழக்கமான ஊடை (குறுக்கு நூல்) ஒன்று போக, அலங்காரத்துக்கென்று கூடுதலாக ஒரு ஜரிகை ஊடை. பின்பக்கம் திருப்பினால் அங்கும் ஜரிகை இருக்கும், பூவுக்கும் பூவுக்கும் நடுவே மிதந்து ஓடும். மோதிரம் மாட்டிக்கொள்வது இந்த மிதக்கும் நூல்களில்தான்.

தங்கத் தையலில் நிலைமை தலைகீழ். தங்க நூலைத் துணிக்குள் குத்தி எடுத்தால் சுற்றியிருக்கும் நாடா உரிந்துவிடும்; அதோடு பாதித் தங்கம் யாரும் பார்க்காத பின்பக்கத்தில் வீணாகும். அதனால் தங்க நூலைத் துணியின் மேல் ஒன்றாகவோ இரண்டிரண்டாகவோ கிடத்தி, மெல்லிய பட்டு நூலால் குறுக்கே சின்னச் சின்னத் தையல் போட்டுக் கட்டிவிடுவார்கள். பின்பக்கத்தில் அந்தச் சின்னத் தையல்கள் மட்டுமே தெரியும். பேராக்கில், குறிப்பாகக் கோலகங்சாரில், பேர்பெற்ற தெக்காட்டும் இதே குடும்பம். வெல்வெட்டின் மேல் வடிவம் வெட்டிய அட்டையை வைத்து, அதன் மேல் தங்க நூலை இங்கும் அங்கும் கொண்டுபோய் ஓரங்களில் கட்டுவார்கள்.

இது தெரிந்தால் பழுது எங்கே வரும் என்பதும் தெரிந்துவிடும். தங்க நூல் தாக்குப்பிடிக்கும். அதைக் கட்டியிருக்கும் பட்டுத் தையல்தான் முதலில் இற்றுப்போகும். பழைய தோக் வீயில் தங்க நூல் வளையம் வளையமாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நூல் சாகவில்லை, கட்டு அவிழ்ந்திருக்கிறது. அதை வெட்டி எறிவதுதான் செய்யக்கூடியதிலேயே மோசமான காரியம்.

பினாங்கின் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் இப்படிப்பட்ட துணி கண்ணில் பட்டால், விலை பேசுவதற்கு முன் பின்பக்கம், மடிப்புக் கோடு, கறுப்பு நிறப் பகுதி என்ற மூன்றையும் பாருங்கள். மடிப்பில் பட்டு விரிசல் விட்டிருந்தால், அந்த இடத்தைத் தாங்கித் தைக்காமல் தொங்கவிட முடியாது. கறுப்பும் அடர் பழுப்பும் பழைய காலத்தில் பெரும்பாலும் இரும்புச் சத்து சேர்த்த சாயத்தால் வந்தவை. அந்த இரும்பு பட்டைத் தின்றுகொண்டே இருக்கும்; மற்ற நிறங்கள் உறுதியாக இருக்க, கறுப்பு மட்டும் பொடியாக உதிரும். தேநீரில் முக்கிப் பழசாக்கிய புதுத் துணியும் சந்தைக்கு வரும். உண்மையான பழுப்பு மடிப்பின் வெளிப்பக்கம் கூடுதலாகவும் உள்ளே குறைவாகவும் இருக்கும். தேநீர்ப் பழுப்பு எங்கும் ஒரே மாதிரி.

வாங்கியதை நாடு கடத்தும் எண்ணம் இருந்தால் சட்டத்தையும் ஒரு பார்வை பாருங்கள். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டு தாண்டிய கலைப்பொருள்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தடை போடுகிறது. மலேசியாவில் 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம், மரபுடைமைப் பொருளை ஏற்றுமதி செய்ய உரிமம் கேட்கிறது.

ஏன் கறுக்கிறது, ஏன் கிழிகிறது

வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். காற்றில் மிகச் சிறிதளவு இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிறது. முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, கடைசியில் நீலம் கலந்த கறுப்பு. மேலே தங்கம் இருந்தாலும் அந்தப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றின் வழியே கறுப்பு கசிந்து மேலே பரவும். காற்றில் ஈரம் கூடினால் இந்த வேலை வேகம் பிடிக்கும். பினாங்கின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 80 சதவீதத்தைச் சுற்றியே இருப்பதை மறக்க வேண்டாம்.

கந்தகம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. நாமே பக்கத்தில் வைக்கிறோம்: புடவையை இறுக்கிக் கட்டிய ரப்பர் பேண்ட், கம்பளிப் போர்வை, சில வகை அட்டைப்பெட்டி. செம்பு கலந்த ஜரிகையில் வியர்வை உப்பும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் பச்சைக் களிம்பு பூக்கும். செம்பு பட்டையும் அரிக்கும். கரை மட்டும் தனியாகக் கிழிந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டுக்குப் பெரிய எதிரி வெளிச்சம். பட்டு ஒரு புரதம். புற ஊதாக் கதிர் அதன் இழையை உள்ளுக்குள் அறுத்துவிடும். அருங்காட்சியகங்கள் பட்டுக்கு 50 லக்ஸுக்கு (லக்ஸ்: வெளிச்சத்தின் அளவு) மேல் வெளிச்சம் கொடுக்காததற்கு இதுவே காரணம். கோலாலம்பூரில், டத்தாரான் மெர்டேக்கா பக்கத்தில் 1896இல் கட்டிய கட்டடத்தில் 2010 முதல் இயங்கும் தேசிய ஜவுளி அருங்காட்சியகத்துக்குப் போனால் ஏன் இவ்வளவு இருட்டு என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். அந்த இருட்டில்தான் அந்தத் துணிகள் பிழைத்துக் கிடக்கின்றன.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்த சில பட்டுகளில் ஒரு வியாபாரத் தந்திரமும் ஒளிந்திருக்கிறது. பச்சைப் பட்டின் பசையை நீக்கும்போது எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். அந்த நட்டத்தை ஈடுகட்ட வெள்ளீய உப்புக் கரைசலில் பட்டை ஊறவைத்து எடை ஏற்றினார்கள். கைக்குக் கனமாக, வழுவழுப்பாக இருந்தது. சில பத்தாண்டுகளில் கண்ணாடிபோல நொறுங்கியது. மேலைநாட்டுப் பட்டிலும் பழைய உடைகளின் உட்துணியிலும் இதை அதிகம் பார்க்கலாம். நேர்கோட்டில் வரிசையாக விரிசல் விட்டிருந்தால் அந்தத் துணியை விரித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஏன் கூடாது

நனைந்தால் உள்ளிருக்கும் பட்டு நூல் ஊதும். மேலிருக்கும் உலோகச் சுருள் ஊதாது. உலர்ந்ததும் சுருள் தளர்ந்து நூலை விட்டு விலகும். உள்நூலின் சாயம் கசிந்து கரையோரம் சிவப்புக் கோடு போடும். கோயிலில் அம்மனுக்குச் சாத்திய புடவையில் மஞ்சள் கறை இருந்தால் இன்னொரு வேடிக்கை: சோப்பு பட்டதும் மஞ்சள் சிவப்பாகும், ஏனென்றால் மஞ்சள் காரத்தில் நிறம் மாறும்.

அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்ட வெந்நீரில் முக்கினால் கறுப்பு போகும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வெள்ளிக் கரண்டிக்கு அது வேலை செய்யும். பட்டுக்குச் சூடான காரம் விஷம். கடையில் விற்கும் வெள்ளி முக்கும் திரவத்தில் அமிலமும் தயோயூரியாவும் இருக்கும். உள்நூலுக்குள் ஊறியதை யாராலும் அலசி எடுக்க முடியாது. பத்து வருடப் புடவையை டிரை கிளீனிங்குக்குக் கொடுக்கலாம். பழைய தையல் வேலைக்கு அந்தச் சுழலும் தொட்டி ஆகாது. 1920களை ஒட்டிய சமிக்கிகளில் சில ஜெலட்டினால் செய்தவை, ஈரத்திலும் சூட்டிலும் கரைந்துவிடும்.

சுருக்கமான தீர்ப்பு: கறுத்த ஜரிகையைக் கறுப்பாகவே விடுங்கள். சல்பைடு படலம் அசிங்கமாக இருக்கலாம், துணியைக் கொல்வதில்லை. தூசியை எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தூசி எடுக்க வேக்குவம் கிளீனரை மிகக் குறைந்த வேகத்தில் வையுங்கள். வாய்க்குக் கொசுவலைத் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள், அறுந்த சமிக்கி உள்ளே போகாமல் அது பிடித்துக்கொள்ளும். துணியைத் தொடாமல் 1 சென்டிமீட்டர் உயரத்தில் குழாயைப் பிடித்து, மென்மயிர்த் தூரிகையால் தூசியை அதன் பக்கம் தள்ளுங்கள். உள்ளங்கை அளவு இடத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை படிந்த பிசுக்கு இதில் வராது; அதை விட்டுவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் தேவையில்லை.

பினாங்கு வெயிலிலும் ஈரத்திலும் எப்படி வைப்பது

மடிப்புதான் ஜரிகையை முறிக்கிறது. உருட்டி வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. சாதாரணப் புடவை அகலம் சுமார் 1.2 மீட்டர் என்பதால் 1.3 மீட்டர் நீள உருளை வேண்டும், விட்டம் 8 முதல் 10 சென்டிமீட்டர். பிவிசி குழாய் வேண்டாம், அது காலப்போக்கில் அமில ஆவி விடும். ஜார்ஜ்டவுனின் லெபோ பசார் தெருவில் துணிக்கடைக்காரரிடம் கேட்டால் துணி சுற்றி வரும் அட்டை உருளை கிடைக்கும். அந்த அட்டையிலும் அமிலம் உண்டு. ஆகவே முதலில் சமையலறை அலுமினியத் தாளை ஒரு சுற்று, அதன் மேல் கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்த வெள்ளை மல் துணியை இரண்டு சுற்று. இப்போது ஜரிகைப் பக்கம் வெளியே தெரியும்படி புடவையை உருட்டுங்கள். உள்பக்கம் வைத்தால் வேலைப்பாடு நசுங்கும். உருட்டும்போதே அமிலமற்ற மெல்லிய தாளையோ மல் துணியையோ இடையில் விட்டுக்கொண்டே போங்கள். கட்டுவதற்குப் பருத்தி நாடா. ரப்பர் பேண்ட் கூடவே கூடாது.

புடைத்த தையல் வேலையை உருட்ட முடியாது. தட்டையான பெட்டியில் படுக்கவையுங்கள். இடமில்லாமல் புடவையை மடித்தே ஆக வேண்டுமென்றால், மடிப்புக்குள் மல் துணியைச் சுருட்டிக் கொடுத்து மடிப்பை உருண்டையாக்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்புக் கோட்டை மாற்றுங்கள்.

எந்தத் தாளோ பெட்டியோ பாதுகாப்பானது என்று சந்தேகமாக இருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. நன்றாகத் துடைத்த வெள்ளிக் கொலுசுத் துண்டு ஒன்றை அந்தப் பொருளின் ஒரு துண்டோடு கண்ணாடி ஜாடியில் போட்டு இறுக மூடுங்கள். இன்னொரு ஜாடியில் வெள்ளி மட்டும். ஒரு மாதம் கழித்து முதல் ஜாடி வெள்ளி மட்டும் கறுத்திருந்தால் அந்தப் பொருளை ஜரிகைப் பக்கம் சேர்க்காதீர்கள்.

ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் என்று பாடப்புத்தகம் சொல்லும். பூஞ்சை எழுவது 65ஐத் தாண்டினால். நம் ஊரில் அறை முழுவதையும் அப்படி வைத்திருக்க நாள் முழுக்க ஏர்கோன் ஓட வேண்டும். இரவில் மட்டும் போட்டுக் காலையில் நிறுத்துவது போடாமல் இருப்பதைவிட மோசம்: குளிர்ந்த துணி மேல் காலை ஈரக்காற்று வியர்த்து உட்காரும். தினமும் 50க்கும் 80க்கும் இடையே ஆடுவதைவிட 58இல் அசையாமல் நிற்பது எவ்வளவோ மேல்.

அதனால் அறையை விட்டுவிட்டுப் பெட்டியைக் காப்பாற்றுங்கள். ரப்பர் பட்டை இல்லாத, இறுக மூடும் பாலிபுரொப்பிலீன் பெட்டி. 50 லிட்டருக்கு சுமார் 1 கிலோ சிலிக்கா ஜெல், துணிப் பையில். உள்ளே ஒரு சின்ன ஈரமானி. முதல் வாரம் தினமும் பாருங்கள். 45க்குக் கீழே இறங்கினால் கொஞ்சம் ஜெல்லை வெளியே எடுங்கள், அதிகம் காய்ந்தாலும் பட்டு முறியும். ஜெல் நிறம் மாறியதும் 120 டிகிரி சூட்டில் அவன் அடுப்பில் (oven) இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்து, ஆறிய பிறகே திரும்பப் போடலாம்.

பாச்சை உருண்டை வேண்டாம். அதன் ஆவி துணியில் மீண்டும் பளிங்காகப் படியும். அதைவிட முக்கியமாக, ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடுள்ள குழந்தைக்கு அந்த வாசனை பட்ட துணி இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியது. மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு அந்தச் சோதனை செய்கிறார்கள்; தொட்டிலுக்குப் பாட்டி புடவை கட்டும் வழக்கம் நமக்கு இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கஞ்சி போட்டு வைத்த புடவை ராமபாணத்துக்கும் கரப்பானுக்கும் விருந்து, ஆகவே எடுத்து வைக்கும் புடவைக்குக் கஞ்சி கிடையாது.

புழு ஏற்கெனவே இருந்தால், துணியை மல் துணியில் சுற்றி பாலித்தீன் பையில் போட்டுக் காற்றைப் பிழிந்து ஒட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு 24 மணி நேரம் பையைத் திறக்காதீர்கள். ஈரம் பையின் வெளியே வியர்க்கட்டும், துணியின் மேல் வேண்டாம். காகிதத் தங்க நூலுள்ள துணிக்கு இதை வீட்டில் முயல வேண்டாம்.

சட்டம் போட்டு மாட்டுவதானால், கண்ணாடி துணியைத் தொடக் கூடாது. ஜார்ஜ்டவுன் பழைய கடைவீட்டுச் சுவர்கள் தரையிலிருந்து ஈரத்தையும் உப்பையும் மேலே இழுக்கும். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே 2 சென்டிமீட்டராவது காற்று ஓட வழி விடுங்கள்.

தொங்கும் நூலைத் திரும்பக் கட்டுவது

கற்றுக்குட்டி தைரியமாகக் கைவைக்கக்கூடிய பழுது இது ஒன்றுதான், அதுவும் அடித்துணி உறுதியாக இருந்தால் மட்டும். 12ஆம் எண் ஊசி, பழைய கட்டு நூலின் நிறத்தில் ஒற்றை இழைப் பட்டு நூல். முதலில் தங்க நூல் எந்தக் கோட்டில் கிடந்தது என்பதைத் துணியில் தெரியும் பழைய ஊசித் துளைகளையும் மங்காத நிறத்தையும் வைத்துக் கண்டுபிடியுங்கள். பின்பக்கம் முடிச்சு போடாமல் இரண்டு குட்டித் தையலில் தொடங்குங்கள். பழைய துளை வழியாகவே மேலே வந்து, தங்க நூலைத் தாண்டி, பழைய துளையில் இறங்குங்கள். தையலுக்குத் தையல் 4 அல்லது 5 மில்லிமீட்டர். தங்க நூல் பள்ளம் விழுந்தால் இறுக்கிவிட்டீர்கள். அவிழ்த்துத் திரும்பப் போடுங்கள். நூல் கோட்டுக்கு நீளமாகத் தோன்றினாலும் வெட்டாதீர்கள். அடித்துணி சுருங்கியிருக்கும், அவ்வளவுதான். அந்த உபரியைச் சின்னச் சின்ன அலையாகப் பங்கிட்டு விடலாம்.

பசை, இஸ்திரி போட்டு ஒட்டும் துணி இரண்டையும் பக்கத்தில் விடாதீர்கள். சில வருடங்களில் பழுப்பேறிக் கல்லாகும்; பிறகு அதை எடுக்கப் போனால் பட்டும் சேர்ந்து வரும்.